கம்பெனி செலவுக்கு நாம் ஜாமீன் அல்ல!

தோழர்களே!

திங்கட்கிழமை மாலை நம் எல்லாருடைய மெயிலிலும் ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்திருக்கிறது. டூர் அட்வான்ஸ் முறை இந்த மாதத்தோடு சரி. இனிமேல் லாட்ஜ், டீசல், டோல், டீலர் மீட் எல்லாவற்றுக்கும் கம்பெனி பெயர் போட்ட கிரெடிட் கார்டு. கூடவே வந்திருக்கும் மூன்று பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு 30-ஆம் தேதிக்குள் ஏரியா மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களின் அடுத்த மாத டூர் புரோகிராம் அப்ரூவ் ஆகாது.

கோவை தலைமை அலுவலகத்தில் தொடங்கி நாகர்கோவில் டெப்போ வரைக்கும், பம்ப்செட் விற்கிறவர்கள், மோட்டாருக்கு சர்வீஸ் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் இது வந்திருக்கிறது. சிலர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாகவும் கேள்விப்படுகிறேன். அவர்களுக்கான செய்தி பிறகு வருகிறது. மற்றவர்களுக்கு இப்போதே சொல்கிறேன்: பேனாவை மூடி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் முடிகிற வரைக்கும் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொந்தக் காசைப் போட்டு ஊர் சுற்றிவிட்டு, பில் பாஸ் ஆகுமா ஆகாதா என்று காத்துக் கிடக்கிற பிழைப்பு யாருக்கும் பிடித்ததில்லை. ஆனால் அந்தப் படிவத்தின் மூன்றாவது பக்கத்தைப் படித்தீர்களா? பொடி எழுத்தில், கையெழுத்துக் கட்டத்துக்கு மேலே நாலு வரி. கார்டில் ஏறுகிற மொத்த நிலுவைக்கும் நிறுவனமும் ஊழியரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. சுற்றறிக்கையின் சாரம் முழுக்க அந்த நாலு வரியில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் பொட்டலம் கட்டிய தாள்.

அந்த நாலு வரி ஒரு மனிதனை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவன் நான். இன்றைக்கு நம்மோடு தேனி, கம்பம் லைன் பார்க்கிற தோழர் ஒருவர். பெயர் வேண்டாம், அவரைத் தெரியாதவர்கள் நம்மில் இல்லை. முன்பு வேறொரு கம்பெனியில் இருந்தார். அங்கேயும் இதே போல ஒரு கார்டு, இதே போல ஒரு படிவம். ஒரு சீசனில் டீலர் மீட் நடத்தச் சொன்னார்கள். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால், தொண்ணூறு இலை, பேனர், வெளியூர் டீலர்களுக்கு லாட்ஜ். அன்றைக்கு மட்டும் அந்தக் கார்டில் 68,400 ரூபாய் தேய்த்தார். டீலர்கள் சாப்பிட்டார்கள், ஆர்டர் கொடுத்தார்கள், மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல் படம் போட்டார்.

அடுத்த மாதம் கிளெய்ம் வரவில்லை. கேட்டால், அக்கவுண்ட்ஸில் பார்க்கிறோம் என்றார்கள். அதற்கடுத்த மாதம் லாட்ஜ் பில் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தெளிவாக எப்படி இருக்கும்? தெர்மல் காகிதத்தில் அடித்த பில். பைக் டேங்க் கவரில் வைத்து வைகாசி வெயிலில் நாலு நாள் சுற்றினால் எழுத்தெல்லாம் ஆவியாகி வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். திரும்பவும் லாட்ஜுக்குப் போய் டூப்ளிகேட் வாங்கி அனுப்பினார். அதற்குள் கம்பெனியே தள்ளாடத் தொடங்கிவிட்டது. கார்டு நிலுவை வட்டியும் அபராதமுமாக 1,46,000 ரூபாயைத் தாண்டியது.

வங்கி கம்பெனியைக் கேட்டிருக்கலாம். கம்பெனியின் கதவு பூட்டிக் கிடந்தது. இவருடைய செல்போன் திறந்து கிடந்தது. யாரை அழைப்பார்கள்? டீலர் கடையில் நிற்கும்போது ஃபோன், கோயில் திருவிழாவில் ஃபோன், பிறகு வீட்டு நம்பருக்கு ஃபோன். கடைசி அடி எங்கே விழுந்தது தெரியுமா? மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்து, கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனார்கள். கூட்டு விண்ணப்பதாரர் அப்பா. மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். “சார், உங்க சிபில்ல ஒரு கார்டு பாக்கி காட்டுதே.” தொண்ணூறு இலைச் சாப்பாட்டில் அந்த மனிதர் சாப்பிட்டது ஒரே ஒரு இலை, தோழர்களே!

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள் நம் ஊரில். வியாபாரம் கம்பெனிக்கு, புண்ணியம் மேனேஜருக்கு. தேங்காய் மட்டும் நம்முடையது.

இதன் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கம்பெனி கார்டில் பொறுப்பு மூன்று விதமாக எழுதப்படுகிறது. முதலாவது, பாக்கி முழுக்க நிறுவனத்துடையது. இரண்டாவது, நிறுவனமும் ஊழியரும் கூட்டாகப் பொறுப்பு. மூன்றாவது, பெயருக்கு மட்டும் கம்பெனி கார்டு, கடன் முழுக்க ஊழியர் தலையில். மூன்றிலும் அட்டை ஒரே மாதிரிதான் பளபளக்கும். முன்பக்கத்தில் கம்பெனி பெயரும் இருக்கும், நம் பெயரும் இருக்கும். வித்தியாசம் முழுக்க நாம் படிக்காமல் போட்ட கையெழுத்துக்கு மேலே இருக்கிறது.

கூட்டுப் பொறுப்பு என்றதும் ஆளுக்குப் பாதி என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 43-ஐப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து வாக்குக் கொடுத்தால், வேறு மாதிரி வெளிப்படையாக எழுதப்படாதவரை, அவர்களில் யாராவது ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்க எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு. கட்டியவர் பிறகு மற்றவரிடம் பங்கு கேட்டுக்கொள்ளலாம். அதாவது வங்கிக்கு முழுப் பணத்தையும் நாம் கட்டிவிட்டு, அப்புறம் கம்பெனி மேல் கேஸ் போட்டு நடக்க வேண்டும். மாதம் 32,000 சம்பளக்காரன் எந்தக் கோர்ட்டில், எத்தனை வாய்தாவுக்கு நிற்பான்?

கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம், பிரிவு 14-இன்படி, தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும் கம்பெனிக்குத் தடைக்காலம் கிடைக்கிறது. அதன் மேல் யாரும் வழக்குப் போட முடியாது, பழைய கடனை வசூலிக்க முடியாது. அந்தக் குடை கம்பெனிக்கு மட்டும்தான். ஜாமீன் போட்டவனுக்கு அது கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது. மழையில் நிற்கிறவன், கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டவன். கம்பெனியின் சொத்தை விற்றுப் பங்கு போடும்போது பிரிவு 53-இன் வரிசையில் மேலே இடம் பெறுவது சம்பளப் பாக்கி. தொழிலாளி என்றால் 24 மாத நிலுவை, அடமானக் கடன்காரர்களுக்குச் சமமான வரிசையில். மற்ற ஊழியர் என்றால் 12 மாதச் சம்பளம், அதற்கும் கீழே. நம் விசிட்டிங் கார்டில் ‘எக்சிகியூட்டிவ்’ என்று அச்சடித்துக் கொடுத்தார்களே, அந்தப் பட்டத்தின் விலை அப்போதுதான் தெரியும். இதற்கெல்லாம் எத்தனை காலம் ஆகும்? ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. அதைக் கலைத்துவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7. ஐந்தரை வருஷம்! கார்டு வட்டி ஐந்தரை நாள்கூடக் காத்திருக்காது.

நம் கம்பெனி அப்படியெல்லாம் விழாது, ஆர்டர் நன்றாக இருக்கிறது என்கிறீர்களா? சரி, நன்றாகவே ஓடட்டும். அப்போதும் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சுற்றறிக்கையின்படி கார்டு பில்லை வங்கிக்கு நாம்தான் கட்ட வேண்டும். கம்பெனி நமக்குப் பிறகு தரும். பில் போடுகிற தேதி 18. அதிலிருந்து 20 நாளில் கட்ட வேண்டும். மார்ச் 15-ஆம் தேதி டீசல் போடுகிறீர்கள். அது மார்ச் 18 பில்லில் ஏறி, ஏப்ரல் 7-ஆம் தேதி கட்ட வேண்டியதாகிறது. மார்ச் மாதக் கிளெய்மை நாம் கொடுப்பது ஏப்ரல் 5. அதற்கு மேல் 45 நாளில் பணம் வரும் என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது மே 20. ஏப்ரல் 7 முதல் மே 20 வரைக்கும் 43 நாள் கம்பெனிக்கு யார் கடன் கொடுப்பது? நாம்தான்! வட்டியில்லாமல்!

கையில் காசு இல்லாமல் கட்டத் தவறினால், மாதம் 3.5 சதவீதம் வட்டி போடுகிற கார்டுகள் சாதாரணம். ஆண்டுக்கு 42 சதவீதம். 60,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாத வட்டி 2,100, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 378, ஆக 2,478 ரூபாய். தாமதக் கட்டணம் தனி. பாக்கி நிற்கிற வரைக்கும் புதிதாகத் தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாக் காலம் என்ற சலுகை போய்விடும். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பையும் 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கேட்க நாதியில்லாத வட்டி இது. கம்பெனி தாமதமாகத் தந்தால் அந்த 2,478 ரூபாயை யார் தருவது என்று சுற்றறிக்கையில் தேடினேன். ஒரு சொல் இல்லை.

அந்தக் காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது டூருக்குப் புறப்படுகிற அன்று கேஷியர் கையில் அட்வான்ஸ் எண்ணிக் கொடுப்பார். திரும்பி வந்து கணக்குக் கொடுப்போம், மிச்சத்தைக் கட்டுவோம். கம்பெனி வேலைக்குக் கம்பெனி பணம். பிறகு அட்வான்ஸைக் குறைத்தார்கள், முதலில் நீ போடு, அப்புறம் தருகிறோம் என்றார்கள். இப்போது, நீ கடன் வாங்கிப் போடு என்கிறார்கள். மூன்று படி இறங்கியிருக்கிறோம். ஒவ்வொரு படியிலும் கம்பெனியின் நடைமுறை மூலதனத்தில் ஒரு துண்டு நம் சட்டைப் பைக்கு மாறியிருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘வசதி’.

நிர்வாகத்தின் ஆட்கள் உங்களிடம் நாலு வாதம் வைப்பார்கள். பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஊழியர் சொந்தத்துக்குத் தேய்த்துவிட்டால் என்ன செய்வது?’ நியாயமான கேள்வி. மறைக்க வேண்டாம், அப்படிச் செய்கிற ஒன்றிரண்டு பேர் எங்கும் உண்டு. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கம்பெனி கார்டில் தேய்த்தவனுக்காக இந்தச் சங்கம் வாதாடாது. சொந்தச் செலவு சொந்தப் பொறுப்பு, அதை எழுதித் தருகிறோம். ஆனால் ஒருவன் திருடலாம் என்பதற்காக எல்லார் வீட்டுப் பத்திரத்தையும் அடமானம் கேட்பது என்ன நியாயம்?

‘வங்கி இப்படித்தான் கேட்கிறது.’ பொய். கம்பெனி கார்டு கொடுக்கும்போது நிறுவனத்தின் பொறுப்பு எது, ஊழியரின் பொறுப்பு எது என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்றுதான் ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. ஊழியரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அவை கட்டாயப்படுத்தவில்லை. எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்று வங்கியோடு உட்கார்ந்து பேசியது நம் நிர்வாகம். அந்த மேசையில் நமக்கு நாற்காலி போடவில்லை.

‘இது வெறும் சம்பிரதாயக் கையெழுத்து.’ சம்பிரதாயம் என்றால் அந்த நாலு வரியை அடித்துவிட்டுத் தரட்டுமே!

‘எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான்.’ எல்லா இடத்திலும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், வேலைக்காக ஊழியர் செய்த அவசியமான செலவை முதலாளி ஈடுகட்டியே ஆக வேண்டும் என்று தொழிலாளர் சட்டத்தின் பிரிவு 2802 சொல்கிறது. வழக்கில் வென்றால் வட்டியோடு. அந்நாட்டு அரசு ஊழியர்களின் பயணக் கார்டில் தனிப் பொறுப்பு உண்டுதான். ஆனால் 1998-இல் அதற்கென்று வந்த சட்டமே, சரியான பில் கொடுத்த 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்று அரசின் கையையும் கட்டியது. இங்கே நம் கை மட்டும்தான் கட்டப்படுகிறது.

நம் சட்டத்தில் நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 222, ஒருவருக்காக, அவர் கொடுத்த அதிகாரத்துக்குள், சட்டப்படி வேலை செய்தவருக்கு அதனால் நேர்கிற இழப்பை அமர்த்தியவர் ஈடுகட்ட வேண்டும் என்கிறது. பிரிவு 69-உம் துணை நிற்கும். இன்னொருவர் கட்ட வேண்டிய பணத்தை, தன் நலனைக் காத்துக்கொள்ள ஒருவர் கட்டினால் அதைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு ஓட்டையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிற, நாம் எதிர்த்துக்கொண்டிருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பிலும் சரி, அதற்கு முந்தைய 1936-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சரி, வேலையின் தன்மையால் வருகிற தனிச் செலவை ஈடுகட்டத் தருகிற பணம் ‘ஊதியம்’ என்ற சொல்லுக்குள் வராது. வேலையிலிருந்து நின்றவருக்கு இரண்டு வேலை நாளில் ஊதியப் பாக்கியைத் தர வேண்டும் என்ற விதி நம் டீசல் பில்லுக்குப் பொருந்தாது. சட்டம் விட்ட இந்த ஓட்டையை ஒப்பந்தத்தால்தான் அடைக்க முடியும். ஒப்பந்தம் போட ஒற்றுமை வேண்டும். அதனால்தான் இந்த அழைப்பு.

நம் கோரிக்கைகள் ஐந்து:

1. கார்டு நிறுவனத்தின் முழுப் பொறுப்பில் மட்டுமே வழங்கப்பட வேண்டும். கூட்டுப் பொறுப்பு வரிகள் படிவத்திலிருந்து நீக்கப்பட வேண்டும்.

2. கார்டு பில்லை நிர்வாகமே வங்கிக்கு நேரடியாகக் கட்ட வேண்டும். நிரூபிக்கப்பட்ட சொந்தச் செலவை மட்டும், விளக்கம் கேட்ட பிறகு, ஊழியரிடம் வசூலிக்கலாம்.

3. கிளெய்ம் தாமதத்தால் வருகிற வட்டி, அபராதம் முழுவதும் நிர்வாகத்தைச் சேர்ந்தது. செல்போனில் எடுத்த பில் படமும் செல்லுபடியாக வேண்டும்.

4. கார்டு வேண்டாம் என்பவருக்குப் பழைய அட்வான்ஸ் முறை தொடர வேண்டும். கையெழுத்துப் போடாததற்காக யாருடைய டூரையும் நிறுத்தக் கூடாது.

5. இவை அனைத்தும் தொழிலாளர் துறை முன்னிலையில் எழுத்து மூலமான ஒப்பந்தமாக வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட தோழர்களே, உங்களை யாரும் குறை சொல்லவில்லை. மேனேஜர் எதிரே உட்கார்ந்து பேனாவை நீட்டினால் யாருக்கும் கை போகும். இப்போது செய்ய வேண்டியதைக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு பக்க முக்கியத் தகவல் குறிப்பையும் வங்கி தந்திருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். கார்டு வந்தால் ஆக்டிவேட் செய்ய வரும் ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். ஆக்டிவேட் ஆகிவிட்டிருந்தால், தேய்க்காமல், கார்டை மூடச் சொல்லி வங்கிக்கு மெயில் அனுப்புங்கள். நிலுவை இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். அதுவும் ரிசர்வ் வங்கி விதிதான்.

முந்தைய கம்பெனியின் கார்டு பாக்கி யாருக்காவது தொங்கிக்கொண்டிருந்தால் ஒளித்து வைக்காதீர்கள், சங்கத்துக்கு வாருங்கள். வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. கடன் தவறியவர் என்று சிபிலுக்கு அனுப்பும் முன் ஏழு நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த ஏழு நாளில் எழுத்தில் ஆட்சேபம் போக வேண்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். கம்பெனி திவால் நடவடிக்கையில் இருந்தால் உங்கள் தொகையை ‘படிவம் டி’யில் பதிவு செய்ய வேண்டும். பத்திரிகை அறிவிப்பில் கெடு இருக்கும், அது இரண்டு வாரத்துக்கு மேல் போகாது. தேனித் தோழருக்கு இதெல்லாம் அன்று சொல்ல ஆளில்லை. தனியாக நின்றார். இன்றைக்கு நாம் இருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. கோபத்தில் படிவத்தைக் கிழித்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போடாமல் அப்படியே பத்திரமாக வைத்திருங்கள். ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். டூரில் இருக்கிறவர்கள் பக்கத்து டெப்போத் தோழரிடம் கொடுத்தனுப்புங்கள். அத்தனை படிவத்தையும் மேசை மேல் அடுக்கி, எல்லார் எதிரிலும் எண்ணி, மேலே ஐந்து கோரிக்கை எழுதிய கடிதம் ஒன்றை வைத்துக் கட்டி, திங்கட்கிழமை காலை நிர்வாகத்தின் மேசைக்கு எடுத்துப் போவோம். அந்தக் கடிதத்தில் மட்டும் எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்.

நம் லாட்ஜ் பில் நாலு நாள் வெயிலில் வெளுத்துவிடும். மூன்றாவது பக்கத்தில் போட்ட கையெழுத்து வெளுக்காது, தோழர்களே! ஞாயிற்றுக்கிழமை வெறும் படிவத்தோடு வாருங்கள்!